கழுவிப் போட்ட மெம்ப்ரேன்

குழாய் மூடியைத் திருகி, தண்ணீரை வடிகட்டும் மெம்ப்ரேனை உருவியதுமே தாணுமாலையனுக்குத் தெரிந்துவிட்டது. அடிப்பக்கம் பிளேடால் போட்ட சின்னக் கீறல். அவன் போட்டதுதான்.

போன வருஷம் வேறொரு வீட்டில் கழற்றிய பழசு அது. ஆசிடில் ஊறப்போட்டு, வெளுக்கக் கழுவி, உறைக்குள் போட்டு ஒட்டி, புதுசு என்று சொல்லி மைதீன் பாத்திமா வீட்டு இந்த ஆர்.ஓ. மெஷினில் மாட்டியிருந்தான். பையில் புதுசோடு கலந்துவிடக் கூடாது என்றுதான் அந்தக் கீறல்.

மேலப்பாளையத்தில் இன்னும் சில வீடுகளில் இப்படி மாட்டியிருக்கிறான். தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். அவ்வளவுதானே என்று நினைத்திருந்தான்.

இது ஓரமெல்லாம் பிரிந்து கிழிந்திருந்தது. உள்மடிப்பில் விரல் வைத்தால் வழுக்கியது. பச்சையாய்ப் பாசி.

அந்த அம்மா பார்ப்பதற்குள் பையில் திணித்தான். அதற்குமேல் பழசு எதையும் எடுக்கக் கை வரவில்லை. நிஜமாகவே புதுசு ஒன்றைப் பிரித்து மாட்டினான்.

முதல் தண்ணீரை வடியவிட்டு, உப்பளவு காட்டும் மீட்டரை முக்கினான். நாற்பது. கண்ணாடி மாதிரி தண்ணீர். ஒரு தம்ளர் பிடித்து நீட்டினான்.

"எனக்கு எதுக்குப்பா? நான் என்னைக்கும் தெருக்குழாத் தண்ணிதான்" என்றாள் மைதீன் பாத்திமா. "இது எம் மவனுக்கு வச்சது. கிட்னி மாத்துனதுக்கப்புறம் வேற தண்ணி ஒரு சொட்டு ஆகாதுன்னுட்டாரு டாக்டரு. நீ வந்து புதுசு மாட்டுனியே, அதுலேருந்து அவனுக்கு வேற தண்ணியே குடுக்கல."

யார் குடிக்கிறார்கள் என்று தாணு ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்படியிருந்தும் உடம்புக்குள்ள கிருமி எப்படிப் போச்சுன்னு டாக்டருக்கே தெரியல. அவன் மவுத்தாயி, கண்ண மூடி இன்னைக்கு நாப்பது நாளு. அவனுக்காவ பாத்தியா ஓத ஆளுக வாராக. அவுகளுக்காவது நல்ல தண்ணி குடுக்கணும்லா."

"அம்மா..." என்றான் தாணு.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. மெஷின் நல்லா ஓடுது."

வாசலில் தொப்பி போட்ட ஆட்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினான்.

"செத்த இருந்துட்டுப் போப்பா" என்றாள் பின்னாலிருந்து. "எம் புள்ளைக்கு நல்லது செஞ்சவன் நீ. ஒம் பேரையும் சொல்லி துவா கேக்கச் சொல்லுதேன்."