டேப் ரிக்கார்டர் மோட்டார்

“எந்தத் திருட்டுப் பயலோ மோட்டாரை மாத்திட்டான் பாய்.”

வெளிநாட்டுச் சாமான் வாங்கி விற்கும் சக்கரபாணி, ரிமோட் காரை மேஜைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் ரேடியோ ரிப்பேர் கடையே ஆடியது.

கடைக்காரர் கவுஸ் பாஷா நிமிர்ந்தார். “என்ன ஆச்சுண்ணே?”

“ஆசிரமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரன்கிட்ட மூணு நாள் மல்லுக்கட்டிப் பாதி விலைக்கு வாங்கினது. அன்னிக்கு விட்டேன், பூனை மிரண்டு ஓட்டுமேல ஏறிடுச்சு. இன்னிக்குப் பார்த்தா கல்யாண ஊர்வலம் மாதிரி போவுது. சாயங்காலம் வேலூர்க்காரர் வாங்க வர்றாரு. எதைக் காட்டறது?”

பாஷா நாலு ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

“இது டேப் ரிக்கார்டர் மோட்டார்ண்ணே. பாட்டு ஒரே சீரா ஓடணுமில்ல? அதுக்காக ஜாஸ்தி வேகம் போகாதபடி உள்ளயே தடுப்பு இருக்கும். கார் மோட்டார் அப்படியில்ல. கரண்ட் குடுக்கக் குடுக்கப் பறக்கும்.”

“அந்த மோட்டாரு எங்க?”

பாஷா டிராயரைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய மோட்டாரை எடுத்து வைத்தார்.

“அடப்பாவி, நீயா?”

“மாத்தினது நான். மாத்தச் சொன்னது உங்க அண்ணன்.”

அண்ணன் தருமன், தம்பியின் லாரிக்கு டிரைவர். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை லோடு எடுக்கப் போன அன்று, லாரி முன்னால் செருகிச் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் ஹேண்டில் திருப்பி அடித்து வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. விரல்கள்தான் சரியாக மடங்கவில்லை. ரெண்டு வருஷமாக வீட்டோடு இருக்கிறார்.

“கை வராத மனுஷனுக்குக் காரு எதுக்கு?”

“கை வரணும்னுதான். நீங்க கிளம்பினப்புறம் தினம் எடுத்து ஓட்டறாரு. பழைய மோட்டார் வேகத்துக்கு விரல் ஈடு குடுக்கல. சுவத்துலயே போய் முட்டுச்சாம். கம்மி வேகத்துல ஒண்ணு போடுன்னாரு. இப்ப நாலு சொம்பு வெச்சு, நடுவுல வளைச்சு வளைச்சு ஓட்டறாரு. நேத்து ஒரு சொம்புகூட விழலைன்னு வந்து சொல்லிட்டுப் போனாரு.”

“என்கிட்ட சொன்னா என்னவாம்?”

“நானும் கேட்டேன். ‘அவன் விக்கற பொருளு, எனக்காக நிறுத்துவானா’ன்னாரு.”

பாஷா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

“பழசையே மாட்டிடறேண்ணே. வேலூர்க்காரர் வந்துடுவாரு.”

“வை கீழ. வேலூர்க்காரருக்குக் காரும் கிடையாது, கீரும் கிடையாது.”

காரைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தார். குரல் மட்டும் இறங்கவில்லை.

“ஆனா சும்மா விடமாட்டேன் பாய். படிஞ்ச வியாபாரத்தைக் கெடுத்தது எங்க அண்ணன். அவரேதான் வந்து சரி பண்ணணும். நூறு பேரு கேட்டும், ரெண்டு வருஷமா வேற எவனையும் அந்த லாரி சீட்டுல ஏத்தாம ஷெட்டுல நிறுத்தி வெச்சிருக்கேன். தை பொறக்கறதுக்குள்ள வந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லு.”