நிற்கிற வண்டிக்கு வாடகை

"நிக்கிற வண்டிக்கு வாடகையாம்! ஓடுற வண்டிக்குக் கேட்டாலாவது ஒரு நியாயம் இருக்கு. சும்மா நிக்கிற வண்டிக்குமா?"

மனு சார் போட்ட சத்தத்தில் பிளாட்பாரக் கூரையிலிருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. பெஞ்சு உடைந்தால் ஒரு மனு, குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஒரு மனு, மின்விசிறி சுற்றாவிட்டால் ஒரு மனு என்று எழுதி எழுதியே அந்தப் பெயரை வாங்கியவர். இந்த ஸ்டேஷனில் ஏதாவது ஒழுங்காக இருக்கிறது என்றால் அதற்கு அவர்தான் காரணம். அதை அவரே தினமும் இரண்டு முறை சொல்லியும் விடுவார்.

ஆனால் அன்றைக்கு அவர் கொதித்ததில் தப்பே இல்லை. இத்தனை வருடமாக எல்லோரும் சும்மா நிறுத்திவிட்டுப் போன இடம். முந்தின நாள் வந்து பார்த்தால் சுற்றிலும் கம்பி வேலி, வாசலில் ஒரு பலகை, பலகைக்குக் கீழே மஞ்சள் சட்டை போட்ட ஓர் ஆள். டோக்கன் வாங்கினால்தான் வண்டி உள்ளே போகும். மழைக்கு ஒரு தகரம்கூடப் போடவில்லை. வெயில் அதே வெயில், சேறு அதே சேறு, காசு மட்டும் புதுசு!

"நான் என்ன சார் பண்ணுவேன்? மேலிடத்து உத்தரவு," என்றார் டீ குடிக்கப் பிளாட்பாரத்துக்கு வந்திருந்த மஞ்சள் சட்டைக்காரர்.

"உங்களச் சொல்லலப்பா. உத்தரவு போட்டவங்க வீட்டுல எல்லாம் வண்டி நிக்க இடம் இருக்கு. நம்ம வலி அவங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

கூட்டம் கைதட்டியது. ஏழு பத்து ரயில் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அச்சகத்தில் பிழை திருத்தும் நெட்டையர் அட்டையோடு மனுவைப் பிடித்துக்கொள்ள, மனு சார் ஒவ்வொருவராகக் கையெழுத்து வாங்கிக்கொண்டே வந்தார். பெயர், விலாசம், கையெழுத்து என்று மூன்று கட்டம். முதல் வரியில் அவருடையதே, முத்து முத்தான எழுத்தில்.

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த லேப் அக்காவைத் தாண்டி அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

"சார், அக்காவ விட்டுட்டீங்களே," என்றார் நெட்டையர்.

"ரயில் வர்ற நேரம். அவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?"

"இதுல என்ன சார் தொந்தரவு? போடுங்கக்கா." நெட்டையர் அட்டையை அவள் மடியில் வைத்தார்.

ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் எடுத்துச் சோதிக்கும் வேலை அவளுக்கு. விடிந்ததும் மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க அந்தப் பழைய ஸ்கூட்டர்தான் கதி. பஸ்ஸை நம்பினால் ஏழு பத்து போய்விடும். ஏழு பத்து போனால் பாதி நாள் சம்பளம் போய்விடும்.

அவள் மனுவை முழுக்கப் படித்தாள். கையெழுத்துப் போடாமல் திருப்பி நீட்டினாள். "எனக்கு வேணாம்ணே."

"என்னம்மா இது?" பக்கத்திலிருந்த டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "இங்கயும் காசு குடுக்கணும்னா வண்டிய விக்க வேண்டியதுதான்னு நேத்து நீதானே அழுத? ஊர் கூடி இழுத்தாத்தானே தேர் நகரும்?"

"விடுங்க டீச்சர். விருப்பமில்லாதவங்கள வற்புறுத்தக் கூடாது," என்றார் மனு சார், அதிசயமாகத் தணிந்த குரலில்.

"அண்ணே, இதுல நாலாவது வரிய கொஞ்சம் சத்தமாப் படிங்க," என்றாள் அவள்.

நெட்டையர் படித்தார். "'உழைக்கும் மக்களின் வண்டி நிற்கும் ஆறடி நிலத்துக்குக் காசு பிடுங்குவது மனிதாபிமானமற்ற செயல்.' சாரே எழுதினது. சும்மா சொல்லக் கூடாது, நெத்தியடி!"

"இது ரயில்காரங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"யார் வாங்கினாலும் கொள்ளைதான்!" என்றது கூட்டம்.

"என் வீட்டு ஓனர் வாங்குறாரே! அவர் கீழ, நாங்க மாடியில. மாடிப்படிக்கு அடியில ஸ்கூட்டர் நிக்க, வாடகை போக மாசாமாசம் தனியா வாங்குறார். கேட்டா, 'இஷ்டமில்லன்னா தெருவுல நிறுத்து'ங்கிறார். நிறுத்தினேன். ராத்திரியோட ராத்திரியா பெட்ரோல உறிஞ்சிட்டுப் போயிட்டாங்க. அங்கயும் அழுது, இங்கயும் அழ என்கிட்ட எதுவும் இல்ல."

"மாடிப்படிக்கு அடியில துடைப்பம்தானே நிக்கும்? அதுக்குமா காசு?" என்று டீச்சர் வாயில் கை வைத்தார்.

"நானாவது டோக்கன் குடுக்கிறேன்," என்றார் மஞ்சள் சட்டைக்காரர்.

"எரியிற வீட்டுல புடுங்குனது லாபம்னு நெனைக்கிற ஆளு!" நெட்டையருக்கு முகம் சிவந்துவிட்டது. "விலாசத்தக் குடுங்கக்கா. அடுத்த மனு அந்த ஆளு மேலதான். சார் எழுதுவார், நாங்க அத்தன பேரும் கையெழுத்துப் போடுறோம். என்ன சார்?"

மனு சார் தண்டவாளத்தை எட்டிப் பார்த்தார். "சிக்னல் விழுந்துடுச்சு போல. எல்லாரும் தள்ளி நில்லுங்க."

சிக்னல் சிவப்பாகவே இருந்தது.

"விலாசம்தானே?" அவள் பேனாவை வாங்கினாள். பெயர் எழுதி, விலாசம் எழுதி, நிதானமாகக் கையெழுத்தும் போட்டு அட்டையை நீட்டினாள்.

பிழை திருத்திப் பழகிய கண். கடைசி வரிக்கு ஓடியது, சட்டென்று தாளின் உச்சிக்குப் போனது, மறுபடியும் கீழே வந்தது.

"பதினேழு, தபாலாபீஸ் சந்து, மாடி," என்று கடைசி வரியைப் படித்தார் நெட்டையர். பிறகு, மனு சாரைப் பார்த்தபடியே, முதல் வரியையும் படித்தார்.

"பதினேழு, தபாலாபீஸ் சந்து, கீழ்த்தளம்."