தொட்டியோரத்துப் பசும்புல்

ஆய்வுக்கூட ஜன்னல் வழியே மன்னார்புரத்து மதிய வெயில் மேசைமேல் விழுந்து கிடக்கிறது. வெள்ளைத் தட்டில், தண்ணீருக்குள், செத்துப்போன புள்ளிமானின் இரைப்பையிலிருந்து எடுத்த புழுக்கள். ஒவ்வொன்றும் நூல் கனம்தான். கால்நடை மருத்துவர் பானுப்ரியா தூரிகை நுனியால் ஒன்றைத் தொட்டெடுத்து, கண்ணாடித் துண்டில் கிடத்தி, நுண்ணோக்கியில் குனிகிறார். குடித்த ரத்தம் நிறைந்து சிவந்த குடல்; அதைச் சுற்றி முறுக்கிக்கொண்டு வெள்ளையாய் முட்டை நிறைந்த கருக்குழாய். கோயில் மதிலின் காவிப் பட்டையையும் வெள்ளைப் பட்டையையும் யாரோ கயிறாகத் திரித்துவிட்டது போல அத்தனை அழகாக இருக்கிறது. வெளியே பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே திரும்புகிறது. பானுப்ரியாவுக்குப் பழகிய புழுதான் இது. ஆட்டின் வயிற்றில் இருந்து, ரத்தம் குடித்தே கொல்வது. புழுக்கையோடு முட்டையாக விழுந்து, ஈரப்புல்லில் இளம்புழுவாக ஏறிக் காத்திருப்பது. கண்ணை எடுக்காமலே கேட்கிறார்: “இந்தக் கோடையில பச்சைமலை அடிவாரத்துல ஏதுங்க ஈரம்?” மானின் இரைப்பையை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த வனக்காவலர் மதுரைவீரன் கதவோரம் நிற்கிறார். முகம் மலர்கிறது. “மானுக்குன்னு தொட்டி கட்டியிருக்கோம்ல மேடம். நான்தான் தெனமும் தண்ணி விடுறேன், வழிய வழிய. சுத்தி புல்லு பச்சைப்பசேல்னு நிக்குது. காலையில எங்க வீட்டு ஆடு மேயும், பொழுது சாஞ்சா மானு வந்து மேயும். வாயில்லா ஜீவன், பாவம்.” மேசையருகே வந்து தட்டை எட்டிப் பார்க்கிறார். “என்ன புழு மேடம் அது?” என்கிறார் மதுரைவீரன். கண்ணாடிக்குக் கீழே எல்லாம் தெளிவாகத்தான் தெரிகிறது. பானுப்ரியா நிமிராமல், நுண்ணோக்கியின் குமிழை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கிறார்.