கொடியில் காய்ந்த பால் கவர்

கத்தரிக்கோல் வெட்டியதும் பால் கவரின் மூலைத் துண்டு தரையில் விழுந்தது. கவரை மட்டும் பரிமளா கழுவி, கிளிப் மாட்டிக் கொடியில் காயப்போட்டாள்.

"என்னை ஏன் கழுவல?" என்று கேட்டது மூலை.

"நீ ரொம்பச் சின்னது. உன்னை யாரும் பொறுக்க மாட்டாங்க. நான் உருகிப் பக்கெட்டா வருவேன்" என்றது கவர்.

மூலை, காய்கறித் தோலோடு மக்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டிக்குப் போனது. காய்ந்த கவர் மக்காத குப்பைக்கான நீலத் தொட்டிக்குப் போனது.

காலையில் குப்பை வண்டி வந்தது. அதிகமாக ஏற்றுவதற்காக அதன் நடுத் தடுப்பை எப்போதோ கழற்றிவிட்டார்கள். இரண்டு தொட்டியையும் ஒன்றாகவே கவிழ்த்தார்கள். யார் வீட்டு மீன் குழம்போ கவரின் மேல் வழிந்தது.

குப்பை பிரிக்கும் கொட்டகையில் ஒரு பெண் அதை எடுத்து முகர்ந்தாள். "இந்த நாத்தத்தை எந்தப் பழைய பிளாஸ்டிக் கடைக்காரன் வாங்குவான்" என்று பின்னால் வீசினாள்.

குப்பை மேட்டில் அது மூலையின் பக்கத்தில் வந்து விழுந்தது.

"உன்னைக் கழுவினாங்களே" என்றது மூலை.

"அந்த அம்மாகிட்ட யாராவது சொல்லணும்" என்றது கவர். "இந்நேரம் அடுத்த கவரைக் கழுவிட்டிருப்பாங்க."