நட்சத்திரம் விழாத தூசி

“ஒரே ஒரு நட்சத்திரம்தானே கேக்கறேன் அண்ணி. போட்டா என்ன குறைஞ்சிடும்?”

மதிய இடைவேளையில் தொழிற்சாலைச் சட்டையோடே வந்திருந்தான் கொழுந்தன். மடிக்கணினிக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

“முதல்ல தட்டறதை நிறுத்து. நட்சத்திரத்தை நான் போடறதில்ல, கணக்கு போடுது” என்றாள் அண்ணி.

அவள் புள்ளியியல் படித்தவள். அவன் வேலை பார்க்கும் தரை ஓடு தொழிற்சாலையின் அரவைக்கூடத் தூசி, தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, நிர்வாகம் அவளை அமர்த்தியிருந்தது. ஐந்து மணிக்குள் அறிக்கை போக வேண்டும். கெடுக்கிறது என்றால் தூசி உறிஞ்சும் இயந்திரம் வாங்குவார்கள். இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள்.

திரையில் மூன்று வரிகள். வயதுக்குப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரம். சிகரெட்டுக்கு மூன்று. அரவைக்கூடத்தில் கழித்த ஆண்டுகளுக்குப் பக்கத்தில் வெற்றிடம்.

“சிகரெட்டுக்கு மூணு! எங்களுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லையா?”

“பி மதிப்பு 0.31 வருது. தூசி ஒண்ணுமே செய்யலைன்னு வச்சுக்க. அப்பவும் வெறும் தற்செயலா இந்த அளவு வித்தியாசம், இல்ல இதைவிடப் பெருசு, நூத்துக்கு முப்பத்தோரு தடவை வந்துடும். அது அஞ்சுக்குக் கீழே இறங்கினாதான் நட்சத்திரம்.”

“அப்போ தூசி நிரபராதியா?”

“அப்படிச் சொல்லலை. குத்தம் சுமத்த சாட்சி போதலைன்னு சொல்றேன்.”

“மேனேஜர் அதை நிரபராதின்னுதான் படிப்பாரு. நான் கூடத்துல போய் என்னன்னு சொல்றது? எங்க அண்ணி கணக்குப்படி நீங்க இருமறது தற்செயல்னா?”

கைபேசி அதிர்ந்தது. மேனேஜர். எடுக்கவில்லை. ‘தூசிக்கும் மூச்சுத்திறனுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை’ என்ற வாக்கியத்தைக் காலையிலிருந்து நான்கு முறை அடித்து நான்கு முறை அழித்திருந்தாள். வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. எரிச்சலே அதுதான்.

மறுபடி கணக்கை ஓட்டினாள். அதே 0.31.

“ரெண்டு மூணு பேரைத் தூக்கிட்டுப் பாருங்களேன்” என்றான். “மூச்சுக் கருவியில நல்லா ஊதித் தொலைச்சவனுங்க யாராவது இருப்பானுங்க.”

“அவங்களைத் தூக்கிட்டா நட்சத்திரம் என்ன, நிலாவே வரும். அதுக்குப் பேர் திருட்டு. உங்க அண்ணனைக் கட்டிக்கிட்ட தப்பு ஒண்ணே எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும்.”

அவன் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இடைவேளை முடிய இன்னும் கால் மணி நேரம்.

“அளந்ததுலயே கோளாறு இருந்தா?”

அவளுக்குச் சுருக்கென்றது.

“நானே பக்கத்துல நின்னு அளந்தேன்ப்பா. கீழே அளந்தா கருவிக்குள்ள தூசி போயிடும்னு, நாலாவது மாடியில ரூம் கேட்டு வாங்கினேன். சுத்தமான காத்து. நாப்பத்தோரு பேரையும் ஆளுக்கு மூணு தடவை ஊத வச்சேன். இதைவிட ஒழுங்கா எவனும் அளக்க முடியாது.”

“கூடத்துல அம்பத்தாறு பேர் இருக்கோம் அண்ணி.”

“மத்த பதினஞ்சு பேருக்கு இஷ்டமில்லையாம். சூப்பர்வைசர் அப்படித்தான் எழுதிக் கொடுத்தாரு. அந்தப் பட்டியல்ல உன் பேரும் இருக்கு. சொந்த அண்ணி கூப்பிட்டும் நீ எட்டிப் பார்க்கலை. இப்ப வந்து என்கிட்டயே நட்சத்திரம் கேக்கறியா?”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வந்தேன் அண்ணி” என்றான். “பதினஞ்சு பேருமே வந்தோம். ரெண்டாவது மாடிக்கு மேல படி ஏற முடியலை.”