கடித்த கொசு எங்கே?

காய்ச்சலில் கொதிக்கும் மகள் ரூபியோடு எஸ்தர் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள்.

"கடிச்ச கொசுவை மெஷின்ல வைம்மா," என்றார் அதிகாரி. "ஏடிஸ்னா டெங்கு வார்டு, கியூலெக்ஸ்னா மூளைக்காய்ச்சல் வார்டு. கொசு இல்லாம பெட் கிடையாது."

"கரண்ட் பேட்டால அடிச்சிட்டேன் சார். கருகிப் போச்சு."

"உயிரோட பிடிக்கணும்னு தெருத்தெருவா மைக்ல கத்துறோமே, காதுல விழல? போய் வேற பிடிச்சிட்டு வா."

ரூபியை பெஞ்சில் கிடத்திவிட்டு எஸ்தர் வெளியே போனாள். பாட்டிலோடு திரும்பியவள், அதிகாரியின் ஏசி அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, மூடியைத் திறந்தாள். அவர் அலறியபடி நாற்காலிமேல் ஏறினார்.

"உங்க ஆஸ்பத்திரி சாக்கடையில பிடிச்சது சார். எது கடிக்குதோ, அதை உயிரோட பிடிச்சு வெச்சுக்கோங்க. இல்லாட்டி உங்களுக்கும் பெட் கிடையாது."