பத்தாயிரம் வாலா

சேரன் தீப்பெட்டியை எடுத்ததுமே நாகராசு ஆரம்பித்துவிட்டார்.

"வெடி வேணாம் மாப்ள. காத்து ரன்வே பக்கம் அடிக்குது."

சேரனுக்குச் சுருக்கென்றது. அக்கா மகள் கார்த்திகா முதல்முறையாகத் தனியாக விமானம் ஓட்டி இறங்கப் போகிறாள். அன்னவாசல் பக்கம் பயிற்சித் தளத்தின் கம்பிவேலிக்கு வெளியே குடும்பமே வேன் பிடித்து வந்து நிற்கிறது. தாய்மாமன் இருந்தும் வெடி இல்லை என்றால் ஊர் என்ன பேசும்?

"ஒங்களுக்கு வயித்தெரிச்சல் மச்சான்" என்றான் முகத்துக்கு நேராகவே.

காரணம் இருந்தது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஏரோப்ளேன்?" என்று மூன்று வருஷம் முன்னால் கேட்டவர் இந்தப் பெரியப்பா நாகராசுதான். அன்றிலிருந்து கார்த்திகா அவரோடு பேசுவதில்லை. இன்றைக்கும் யாரும் கூப்பிடாமலே பஸ் ஏறி வந்திருந்தார்.

குட்டி விமானம் தெரிந்தது. சேரன் பத்தாயிரம் வாலாவைப் பற்றவைத்தான்.

வெடித்த வெடியில் புகை வேலியைத் தாண்டி ரன்வேயை மூடியது. தாழ வந்த விமானம் சட்டென்று மூக்கைத் தூக்கி மேலே போய்விட்டது.

"ஐயோ, எறங்காமப் போகுதே!" அக்கா அன்புச்செல்வி அலறினாள்.

"நமக்கு ஒரு ரவுண்டு சுத்திக் காட்டுதுக்கா!"

நாகராசு, எல்லோருக்கும் கொடுக்க வைத்திருந்த, கறிவேப்பிலை மிதந்த மோர்க்குடத்தைத் தூக்கி வந்து சரத்தின்மேல் அப்படியே கவிழ்த்தார். புஸ்ஸென்று அடங்கியது.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டியும் ஒங்களுக்குப் புத்தி வரலையே!" சேரன் கத்தினான்.

புகை விலகியது. சுற்றி வந்த விமானம் பூப்போல இறங்கியது. சேரனுக்குக் கண் கலங்கிவிட்டது. மீசையைத் தடவுவதுபோலத் துடைத்துக்கொண்டான்.

கார்த்திகா வேலியோரம் ஓடி வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"யாரும்மா வெடி போட்டது? ரன்வேயே தெரியல. செத்திருப்பேன்!"

சேரன் தீப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

"எவனோ போட்டுட்டான்த்தா. மாமாதான் பாய்ஞ்சு போயி அணைச்சேன்!"

நாகராசு வேன் மறைவுக்கு நகரப் பார்த்தார்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு கார்த்திகா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"அப்ப பெரியப்பா வேட்டியெல்லாம் ஏன் மாமா கறிவேப்பிலையா இருக்கு?"